சுவருக்கு வந்த திருத்தலம்

திட்டக்குடியிலிருந்து பெண்ணாடம் வழியாக விருத்தாசலம் போய், முகாசாபரூர்ப் பக்கம் திரும்பினால் கோணான்குப்பம். அங்கே பெரியநாயகி மாதா சேலை கட்டிக் குழந்தையை ஏந்தி நிற்கிறாள். இத்தாலியில் 1680இல் பிறந்து, தமிழ் கற்று, தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் எழுப்பிய கோயில் அது. மாதாவைத் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் வரைந்து மணிலாவுக்கு அனுப்பி, சுரூபம் செய்வித்தார் என்பார்கள்.

ஜனவரித் திருவிழாவுக்குப் போகிறவர்கள் மாதா படம் ஒன்றாவது வாங்கி, சாமியாரிடம் மந்திரித்து எடுத்து வருவார்கள். அது சுவரில் ஏறும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், கடன்காரர் வாசலில் நின்றாலும் வீட்டுக்காரி முதலில் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். சாம்பிராணிப் புகையில் ஓரம் பழுத்தாலும் அதைக் கழற்ற மனம் வராது.

ஐரோப்பாவின் யாத்திரிகர்களும் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இப்படித்தான் செய்தார்கள். மரக்கட்டையில் கோடுகளை மட்டும் மேடாக விட்டு மற்றதைச் செதுக்கி எடுத்து, மை தடவிக் காகிதத்தை அழுத்தினால் படம் தயார். ஒரு கட்டையிலிருந்து நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். ஏழைக்கும் கட்டுப்படியாகும் விலை. அதைக் கதவிலும் பெட்டி மூடியின் உட்புறத்திலும் ஒட்டினார்கள். நோய் அண்டாதிருக்க மாட்டுத் தொழுவத்திலும் ஒட்டினார்கள்.

இத்தாலியின் ஃபோர்லி நகரில் 1428இல் ஒரு பள்ளிக்கூடம் தீப்பிடித்து எரிந்தது. அதன் சுவரில் இருந்த மாதாவின் அச்சுப்படம் மட்டும் தீக்குத் தப்பியது. பிள்ளைகள் தினமும் பார்த்த அந்தக் காகிதத்தைப் பேராலயத்துக்கு எடுத்துச் சென்றார்கள். இன்றும் அங்கே தனிச் சிற்றாலயத்தில் இருக்கிறது. யாத்திரையிலிருந்து வீட்டுக்கு வருவதுதான் படத்தின் வழக்கம். ஃபோர்லியிலோ படத்தைத் தேடியே யாத்திரை வந்தது.

ஆயிரம் பிரதி எடுத்தால் தெய்வத்தின் மதிப்பு குறையாதா என்று கேட்பவர்கள் உண்டு. பிரதிகள் ஒன்றுபோல் இருக்கலாம். அவற்றின் முன்னால் சொல்லப்படும் வேண்டுதல்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே கட்டையில் பிறந்த படங்கள், ஒவ்வொரு வீட்டின் துயரத்தைக் கேட்டுக் கேட்டே அந்தந்த வீட்டுக்குச் சொந்தமாகின்றன. பெயர் தெரியாத மரச்செதுக்குக்காரர் காகிதத்தில் செய்ததையே வீரமாமுனிவர் சேலையில் செய்தார்: தொலைவில் இருந்தவளைப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

கிடைப்பதற்கு அரிது என்பதால் ஒன்று புனிதமாவதில்லை. அழுகிற மனிதனின் கைக்கெட்டும் தூரத்துக்கு இறங்கி வருவதே புனிதம்.