கிராம்வெல்லை நமக்கு ஏன் பிடித்துப்போகிறது?

2015 ஜனவரி 21 அன்று பிபிசி டூவில் 'வுல்ஃப் ஹால்' தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பானது. ஏறக்குறைய 40 லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த வாரம் அதில் பத்து லட்சம் பேர் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். போனவர்கள் சொன்ன குறைகளை இரண்டாகச் சுருக்கிவிடலாம். திரையில் எதுவும் தெரியவில்லை. கதையில் எதுவும் நடக்கவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பட்னியில் ஒரு கொல்லனுக்குப் பிறந்த தாமஸ் கிராம்வெல், கார்டினல் வுல்சியிடம் வேலை பார்த்து, அவர் வீழ்ந்த பிறகு எட்டாம் ஹென்றியின் வலதுகரமாக உயர்கிறார். ஆன் பொலினை அரசி ஆக்குகிறார். மூன்றே ஆண்டுகளில் அவருடைய தலை போவதற்கும் அவரே ஏற்பாடு செய்கிறார். ஹிலரி மான்டெலின் இரண்டு நாவல்களை (இரண்டும் புக்கர் பரிசு பெற்றவை, 2009இலும் 2012இலும்) ஆறு மணி நேரத்துக்குள் அடக்கிய தொடர் இது. கிராம்வெல்லாக மார்க் ரைலன்ஸ். ஆறு மணி நேரமும் அவர் அதிகம் பேசுவதில்லை. மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இருட்டைப் பற்றிய குறையை எளிதில் தள்ளிவிட முடியாது. அந்தக் காலத்தில் இரவில் வெளிச்சம் என்றால் மெழுகுவர்த்திதான், இன்றைய டிஜிட்டல் கேமரா அந்த வெளிச்சத்திலேயே படம்பிடிக்கும், பிறகு எதற்கு விளக்கு என்பது இயக்குநர் பீட்டர் கோஸ்மின்ஸ்கியின் வாதம். நியாயமான வாதம். 1975இல் 'பாரி லிண்டன்' படத்தில் இதையே செய்ய, குப்ரிக் நாசாவுக்காக உருவாக்கப்பட்ட லென்ஸைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் என் தொழில் பழக்கத்தில் ஒன்றைச் சொல்கிறேன். இயக்குநர் பார்த்த படமும் வீட்டுக்கு வந்து சேர்ந்த படமும் ஒன்றல்ல. ஒளிபரப்புக்காகப் படத்தைச் சுருக்கும் மென்பொருள் நிழல் பகுதிகளில்தான் தாராளமாகக் கைவைக்கும். அங்கே கண் நுணுக்கம் தேடாது என்பது அதன் கணக்கு. கறுப்பின் பல சாயல்கள் கட்டம் கட்டமாகத் திரண்டு வந்து சேரும். போதாததற்கு வரவேற்பறைக் குழல்விளக்கு திரையில் பிரதிபலிக்கும். 'தெரியவில்லை' என்றவர்களுக்கு உண்மையாகவே தெரியவில்லை. (ஆண்கள் இடுப்புக்குக் கீழே அணியும் ஒரு குறிப்பிட்ட உறை, வரலாற்றில் இருந்ததைவிடச் சிறியதாக இருக்கிறது என்று ஓர் ஆராய்ச்சியாளரும் முறையிட்டார். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை.)

'எதுவும் நடக்கவில்லை' என்ற இரண்டாவது குறைதான் எனக்கு முக்கியம். அதற்குத் தொடரின் ரசிகர்கள் சொன்ன பதில் எல்லோருக்கும் தெரிந்தது. பொறுமை இல்லாத காலம், கையில் போனை வைத்துக்கொண்டு பார்க்கிறவர்கள், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறவர்கள் என்றார்கள். மெதுவான படைப்பைப் பொறுத்திருந்து பார்ப்பது ஒரு நல்லொழுக்கம் என்பது இந்தப் பதிலுக்குள் இருக்கும் எண்ணம். இலக்கியப் பத்திரிகை படிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இந்த எண்ணம் மிகவும் வசதியானது. நாமெல்லாம் கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்கள். எனக்கு இதில் சந்தேகம் உண்டு. உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த ஆறு மணி நேரம் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும்.

அது அவர்களுக்குக் கிராம்வெல்லைப் பிடிக்க வைத்தது. கேமரா பெரும்பாலும் அவருடைய தோளுக்குப் பின்னாலேயே நடக்கிறது. அவர் நுழையும் அறைக்குள்தான் நாமும் நுழைகிறோம். நாவலில் மான்டெல் செய்ததும் இதுதான். 'அவர்' என்று எழுதினால் அது கிராம்வெல்லாகத்தான் இருக்கும். அவருடைய மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் நோயில் இறப்பதைப் பார்க்கிறோம். எஜமானர் வுல்சிக்கு அவர் காட்டும் விசுவாசத்தைப் பார்க்கிறோம். பிரபுக்கள் அவருடைய பிறப்பைக் குத்திக்காட்டும்போது அவர் முகத்தில் ஒன்றும் அசைவதில்லை. அந்நிய நாட்டில் ஆங்கிலேயர்களின் கூட்ட அறைகளில் உட்கார்ந்து பழகிய நமக்கு அந்த அசையாத முகம் நன்றாகவே தெரியும். இப்படி நான்கு வாரம் கூடவே நடந்த பிறகு அவர் தோற்க வேண்டும் என்று யார் நினைப்பார்கள்?

இங்கிலாந்தின் முந்தைய தலைமுறை இதற்கு நேர் எதிரான அனுபவத்தில் வளர்ந்தது. ராபர்ட் போல்ட் எழுதி, 1966இல் படமாகி, ஆஸ்கர் வாங்கிய 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' கதையில் தாமஸ் மோர் மனசாட்சியின் உருவம். கிராம்வெல் அதில் வில்லன். மான்டெல் அதைத் திருப்பிப் போட்டார். மோர் பிரதம நீதிபதி அளவுக்கு அதிகாரம் கொண்ட சான்சலராக இருந்த காலத்தில் ஆறு பேர் மத விரோதிகள் என்று உயிரோடு எரிக்கப்பட்டார்கள் என்பது உண்மை. போல்ட்டின் கதை அதைச் சொல்லவில்லை. தொடர் சொன்னது. உடனே இரண்டு கத்தோலிக்க ஆயர்கள் இது தங்கள் மதத்துக்கு எதிரானது என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வரலாற்றாசிரியர் சைமன் ஷாமாவின் மனக்குறை வேறு. ஆவணங்களில் அவர் கண்ட கிராம்வெல் மிரட்டுகிறவர், சாட்சியங்களைச் சமைக்கிறவர். அவரை லட்சக்கணக்கானோர் இனி ஒரு நல்ல மனிதராகவே நினைவில் வைத்திருப்பார்களே என்று அவர் எழுதினார்.

நியூயார்க்கில் ஃப்ரிக் அருங்காட்சியகத்தில் ஹோல்பைன் வரைந்த மோரும் கிராம்வெல்லும் ஒரே கணப்படுப்பின் இரண்டு பக்கமும் தொங்குகிறார்கள். மோருக்கு வெல்வெட் சட்டை, கவலை தோய்ந்த அழகான முகம். கிராம்வெல்லுக்குச் சின்னக் கண்கள், தடித்த முகம், கையில் இறுக்கிப் பிடித்த காகிதம். ஓவியர் செய்ததைப் போல்ட் தொடர்ந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். மான்டெல் கண்ணாடியைத் துடைத்து இரண்டையும் சமமாகக் காட்டினாரா, விளக்கை மற்ற பக்கம் நகர்த்திவைத்தாரா என்பதுதான் கேள்வி. இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது.

இங்கே ஐரிஸ் மர்டாக் நினைவுக்கு வருகிறார். நாவலாசிரியராகவும் தத்துவ ஆசிரியராகவும் இருந்தவர். 1970இல் வந்த அவருடைய 'தி சாவரின்டி ஆஃப் குட்' நூலில் ஓர் உதாரணம் உண்டு. நமக்கு அதைப் படித்ததும் சிரிப்பு வரும், ஏனென்றால் அது ஒரு மாமியார் மருமகள் கதை. மாமியாருக்கு மருமகளைப் பிடிக்கவில்லை. பண்பில்லாதவள், சின்னப்பிள்ளைத்தனமானவள் என்று நினைக்கிறார். ஆனால் வெளியே ஒருபோதும் காட்டிக்கொள்வதில்லை. (இந்த இடத்திலேயே இது நம் ஊர் மாமியார் இல்லை என்று தெரிந்துவிடும்.) பிறகு தன்னையே கேட்டுக்கொள்கிறார். நான் பழைய காலத்து ஆள், மகன் மீது உரிமை கொண்டாடுகிறவள், இன்னொரு முறை பார்க்கிறேனே என்று. பொறுமையாக, அன்போடு, நியாயத்தோடு பார்க்கப் பார்க்க அந்தப் பெண் வேறு விதமாகத் தெரிகிறாள். அவளிடம் பண்பின்மையாகத் தெரிந்தது கள்ளமின்மையாகிறது. வெளியே எந்தச் செயலும் நடக்காமலே மாமியாருக்குள் ஓர் அறச்செயல் நடந்துவிட்டது என்கிறார் மர்டாக்.

நான் இந்த உதாரணத்தைப் பெரிதும் மதிக்கிறேன். மெதுவான கதைகளுக்கு இதைவிட நல்ல வக்காலத்து கிடையாது. ஆனால் 'வுல்ஃப் ஹால்' பார்க்கும்போது அது முழுமையாக ஒத்துவரவில்லை. அந்த மாமியார் யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கிறார். அவருக்கு இருப்பது ஒரே ஒரு மருமகள். நமக்கோ கவனம் பங்கிட்டுத்தான் தரப்படுகிறது. ஆறு மணி நேரத்தில் ஒருவருக்கு அள்ளிக் கொடுத்ததை இன்னொருவரிடமிருந்துதான் எடுத்தாக வேண்டும். அன்பாகப் பார்ப்பது ஒன்று. நியாயமாகப் பார்ப்பது, பார்க்கப்படாதவர்களின் கணக்கையும் வைத்திருப்பது.

தொடரின் கதைப்பின்னலே இதற்குச் சாட்சி. வுல்சி இறந்த பிறகு அரசவையில் ஒரு கேலி நாடகம் போடுகிறார்கள். பேய் வேடமிட்ட நான்கு பேர் கார்டினலின் கைகால்களைப் பிடித்து நரகத்துக்கு இழுத்துப் போகிறார்கள். அரசவை சிரிக்கிறது. திரைக்குப் பின்னால் அவர்கள் முகமூடியைக் கழற்றுவதைக் கிராம்வெல் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நாமும் பார்க்கிறோம். அப்படி ஒரு நாடகம் நடந்தது வரலாறு. அதில் யார் நடித்தார்கள் என்பது மான்டெலின் கற்பனை. 1536 மே மாதம் ஆன் பொலினோடு கள்ள உறவு என்று குற்றம் சாட்டி ஐந்து பேரைக் கொல்கிறார்கள். அவர்களில் நான்கு பேர் அந்தப் பேய்கள். இந்த ஒரு கற்பனை செய்யும் வேலையைக் கவனியுங்கள். வரலாற்றில் ஜோடித்த வழக்கு என்று பலரும் கருதும் ஒன்று, இங்கே தீர்க்கப்பட வேண்டிய பழைய பாக்கியாக மாறிவிடுகிறது. 'எதுவும் நடக்கவில்லை' என்று எழுந்து போனவருக்கு இந்தத் திருப்தி கிடைக்காது. அதற்காகக் காத்திருந்த நமக்குத்தான் கிடைக்கும்.

ஐந்தாவது ஆள் மார்க் ஸ்மீட்டன். பாட்டுக்காரன், பிரபு அல்ல. ஐந்து பேரில் குற்றத்தை ஒப்புக்கொண்டவன் அவன் மட்டும்தான். கிராம்வெல்லின் வீட்டுக்கு அழைக்கப்பட்டு, பெருமையாக உளறி, மாட்டிக்கொள்கிறான். இரவு முழுவதும் கிறிஸ்துமஸ் அலங்காரங்கள் போட்டுவைக்கும் இருட்டறையில் அடைக்கப்படுகிறான். உள்ளிருந்து அலறல் கேட்கிறது. யாரும் அவனை அடிக்கவில்லை. காலையில் பெயர்கள் வருகின்றன.

இந்தக் காட்சி பற்றி ஆங்கில நண்பர்களிடம் பேசியிருக்கிறேன். கிராம்வெல்லின் சாமர்த்தியம் என்பார்கள், அடிக்காமலே வாங்கிவிட்டாரே என்பார்கள். தமிழ் நண்பர்களோடு அந்தப் பேச்சு வேறு திசையில் போகிறது. காரணம் இருக்கிறது. இலங்கையில் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் செல்லுபடியாக்கியது. இந்தியாவில் 1987இன் தடா சட்டமும் அதையே செய்தது. பேரறிவாளன் 1991இல் 19 வயதில் கைதானார். வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதை வாக்குமூலத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டேன் என்று, அதைப் பதிவுசெய்த அதிகாரியே 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது 2022 மே மாதத்தில். வாக்குமூலம் எழுதுகிறவர் எந்த வாக்கியத்தை விட்டார் என்று யோசிக்கும் பழக்கம் நமக்கு இப்படித்தான் வந்தது. எங்களில் ஒரு நண்பர், வழக்கறிஞர், அந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு இரண்டே வார்த்தை சொன்னார். "கதவைத் திறக்கலை." அவர் பேசியது கேமராவைப் பற்றி. கதவுக்கு வெளியே கிராம்வெல்லின் பக்கத்திலேயே அது நின்றுவிட்டது.

தொடருக்கு நியாயம் செய்வதென்றால் கடைசிக் காட்சியையும் சொல்ல வேண்டும். ஆன் பொலின் மேடைக்கு வருகிறார். கலேயிலிருந்து வரவழைத்த வாள்வீரன். ஒரே வீச்சு. இதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் தாங்க முடியாதது, அந்த மந்தம் அங்கே முழுக்க அவருக்காகச் செலவாகிறது. பிறகு கிராம்வெல் நீண்ட கூடத்தில் நடந்து அரசனிடம் போகிறார். ஹென்றி கைகளை விரித்துக்கொண்டு மகிழ்ச்சியோடு கட்டிக்கொள்கிறான். அரசனின் தோளுக்கு மேலே தெரியும் ரைலன்ஸின் முகத்தில் பயம். கோஸ்மின்ஸ்கிக்குத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று தெரியும். ஆனாலும் பாருங்கள், அந்த நிமிடத்தில் நாம் யாருக்காகக் கவலைப்படுகிறோம்? கட்டிப்பிடிக்கப்பட்டவருக்காக.

மூன்றாம் நாவலின் தொடர் வடிவம், 'தி மிரர் அண்ட் தி லைட்', ஒன்பது ஆண்டுகள் கழித்து 2024 நவம்பரில் வந்தது. அதற்குள் மான்டெல் இறந்துவிட்டார். தயாரிப்புக்குப் பணம் போதாமல் இயக்குநரும் முதன்மை நடிகரும் தங்கள் ஊதியத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்ததாகக் கோஸ்மின்ஸ்கி பிறகு நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். இந்த முறை இருட்டைப் பற்றிய புலம்பல் என் காதில் அதிகம் விழவில்லை. திரைகள் மேம்பட்டிருக்கலாம். போக வேண்டியவர்கள் முன்பே போயிருக்கலாம்.

இங்கேயே பிறந்து, ட்யூடர் வரலாற்றைப் பள்ளியில் படித்த என் மகள் என்னோடு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தாள். ஆலோசனைக் கூட்டத்தில் கிராம்வெல்லைக் கைதுசெய்யும் காட்சியில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவருக்கு கோர்ட், விசாரணை எதுவுமே கிடையாதா அப்பா?"

கிடையாது என்றேன். நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் போட்டு, வாதம் கேட்காமலே ஒருவரைக் குற்றவாளி ஆக்கலாம். 1539இல் மார்கரெட் போல் என்ற மூதாட்டிமீது கிராம்வெல் பயன்படுத்தியதும் அதைத்தான்.

"தொடர்ல வந்தாங்களே, அந்தப் பாட்டியா? அவங்களுக்கு என்ன ஆச்சு?"

"லண்டன் கோபுரத்தில் தலையை வெட்டினார்கள். 67 வயது."

"அது எந்த எபிசோட்? நான் பார்க்கலையே."

அது 1541 மே மாதம். கிராம்வெல் இறந்தது 1540 ஜூலையில், தொடர் அதோடு முடிந்துவிடுகிறது என்றேன்.