டிசம்பர் 12

 

கடைச் சுவரில் தொங்கும் காலண்டரில் டிசம்பர் 12 ஒரே தாள்தான். 1901இல் அன்று அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த கம்பியில்லாத் தந்தி ஒலியைக் கேட்டு மார்க்கோனி மகிழ்ந்தார். 1963இல் அன்று கென்யா சுதந்திரம் பெற்றது. 1948இலோ அதே நாளில், நம் பத்தாங் காலித் தோட்டத்திலே, ஆயுதமற்ற சீனர் 23 பேரை பிரிட்டிஷ் பட்டாளம் சுட்டுக் கொன்றது. முதல் நாள் மாலை ஒருவர். ஆக 24 உயிர்.

நாட்களை மனிதரிடையே மாறி மாறிச் சுழலச் செய்பவன் அல்லாஹுத்தஆலா (திருமறை 3:140). நாள் நம்முடையதன்று, அதன் கணக்கே நம்முடையது. துப்பாக்கி அவகாசம் தராது, மாரடைப்பும் தராது.

வஸிய்யத்துச் செய்ய வேண்டியது உள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நாமோ ஐந்தொகையை ஆண்டுக்கொருமுறை போடுகிறோம். வாய்ச்சொல்லில் வாங்கிய கடனும், நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதமும் நெஞ்சோடு கிடக்கின்றன. நாம் மவுத்தானால் அவை யாருக்குத் தெரியும்?

இன்றிரவு கடையடைக்குமுன் எழுதுங்கள், சாட்சி வையுங்கள், மனைவி மக்களிடம் சொல்லுங்கள். நாளைய தாளைக் கிழிப்பது நம் கையா, பிறர் கையா என்பதை அவனே அறிவான். அவன் நமக்குத் தௌபீக் செய்வானாக! ஆமீன்.