முதன்மைப் பராமரிப்பாளர்

பெண்கள் வீட்டில் செய்யும் வேலைக்குச் சட்டப் புத்தகத்தில் பெயர் கிடைப்பது அரிது. கலிஃபோர்னியாவில் 1996 நவம்பரில் வாக்காளர்கள் நேரடியாக வாக்களித்து நிறைவேற்றிய 215ஆம் முன்மொழிவில் அப்படியொரு பெயர் இருக்கிறது: ‘முதன்மைப் பராமரிப்பாளர்’. மருத்துவர் பரிந்துரைத்தால் நோயாளி கஞ்சாவை மருந்தாக வைத்துக்கொள்ளலாம், வளர்க்கலாம். அவருக்காக அவருடைய முதன்மைப் பராமரிப்பாளரும் அதைச் செய்யலாம். யார் அவர்? நோயாளியின் இருப்பிடத்துக்கோ உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ தொடர்ந்து பொறுப்பேற்று வருபவர். ஆணா பெண்ணா என்று சட்டம் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம்; அந்த வரியைப் படித்ததும் நமக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம், எங்கே வாங்குவது என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில் முளைத்தவைதான் டிஸ்பென்சரி எனப்படும் மருந்துக் கஞ்சாக் கடைகள். வாடிக்கையாளரிடம் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நாங்களே இவருடைய முதன்மைப் பராமரிப்பாளர் என்று சொல்லிக்கொண்ட கடைகளும் உண்டு. கஞ்சா கொடுப்பது மட்டுமே பராமரிப்பாகிவிடாது, அதைத் தாண்டிய கவனிப்பு ஏற்கெனவே இருந்துவர வேண்டும் என்று 2008இல் வேறொரு வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு இதில் முழு உடன்பாடு. நடுராத்திரியில் எழுந்து, வாந்தியெடுத்த பாத்திரத்தைக் கழுவுகிறவளின் பெயரைக் கல்லாவில் இருப்பவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. கடை கடைதான். அந்தக் கடையாவது ஊருக்குள் இருக்கலாமா என்பதுதான் சண்டை.

லாஸ் ஏஞ்சலீஸ் நகர மன்றம் 2012 ஜூலையில் 14-0 என்ற வாக்கில் கடைகளைத் தடைசெய்தது. எதிர்ப்பாளர்கள் கையெழுத்துத் திரட்டினார்கள்; அக்டோபரில் மன்றமே தடையைத் திரும்பப் பெற்றது. புற்றுநோயுடன் போராடிக்கொண்டிருந்த மன்ற உறுப்பினர் பில் ரோசெண்டால், கடைகளை மூடிவிட்டால் தன்னைப் போன்றவர்கள் எங்கே போவது என்று அங்கே கேட்டார். 2013 மே மாதம் வாக்காளர்கள் ஒழுங்குமுறையைத் தேர்ந்தெடுத்தார்கள்: 2007 முதல் இயங்கிவந்த ஏறக்குறைய 135 கடைகள் மட்டும். அதே மாதம் ரிவர்சைடு நகரத்தின் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், நிலப் பயன்பாட்டு விதிகளைக் கொண்டு ஒரு நகரம் இக்கடைகளை அடியோடு தடைசெய்யலாம் என்று தீர்ப்பளித்தது.

தடை கேட்டவர்களை மூடர்கள் என்று தள்ளிவிட மாட்டேன். ஒன்றிய அரசின் சட்டத்தில் கஞ்சா குற்றமாகவே நீடித்ததால் வங்கிகள் ஒதுங்கிக்கொண்டன; கடைகளில் ரொக்கம் குவிந்தது, கூடவே கொள்ளை பயமும். பெரிய நோய் எதுவும் இல்லாதவர்களுக்குச் சீட்டு எழுதித் தந்த மருத்துவர்களும் இருந்தார்கள். தவிர, ‘எங்கள் தெருவில் வேண்டாம்’ என்பது எனக்கு அந்நியமான குரலும் அல்ல. 2017இல் நெடுஞ்சாலையோர டாஸ்மாக் கடைகள் குடியிருப்புகளுக்குள் நகர்ந்தபோது தமிழ்நாட்டுப் பெண்கள் தெருவில் உட்கார்ந்து சொன்னது அதைத்தான். நான் அவர்கள் பக்கம். அங்கே மட்டும் கடை இருக்கட்டும் என்று எப்படிச் சொல்கிறேன்? பொருள் போதையா மருந்தா என்று பார்ப்பதைவிட, கடை இருந்தால் யார் சுமப்பது, இல்லாவிட்டால் யார் சுமப்பது என்று பார்க்கிறேன். சாராயக் கடை இருந்தால் அடிபடுகிறவள் சுமக்கிறாள். மருந்துக் கடை இல்லாவிட்டால், வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்கு வண்டியோட்டுகிறவள் சுமக்கிறாள்.

இந்த இடத்தில் மேரி ஜேன் ராத்பன் என்ற பெண்ணைச் சொல்லியாக வேண்டும். ஓட்டல்களில் பரிமாறி ஓய்வுபெற்றவர். ஒரே மகளைக் கார் விபத்தில் பறிகொடுத்தவர். எண்பதுகளில் சான் ஃபிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையின் எய்ட்ஸ் பிரிவில் தன்னார்வலராக வேலை செய்தார். சாப்பாட்டை நினைத்தாலே குமட்டி, எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்த இளைஞர்களுக்குத் தன் அடுப்பில் கஞ்சா சேர்த்த பிரவுனி செய்து இலவசமாகக் கொடுத்தார். அவர்களைத் தன் பிள்ளைகள் என்றுதான் சொல்வார். மூன்று முறை கைதானார். மூன்றாவது கைது 1992இல். அதே ஆண்டு ஆகஸ்டில் அந்நகரம் அவர் பெயரில் ஒரு நாளையே அறிவித்தது. ‘பிரவுனி மேரி’ பலருக்கும் பிடித்த பாட்டியானார்.

இந்த அன்பைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது. அதே பொருளைக் கடையில் எடைபோட்டு, விலை ஒட்டி விற்றால் ஊர் கெட்டுவிடும். ஒரு கிழவி தன் முழங்கால் வலியோடு விடிய விடிய நின்று இலவசமாகச் செய்தால் தியாகம். கடையைத் தடைசெய்யும் ஊர், ஒவ்வொரு நோயாளிக்கும் வீட்டில் ஒரு மேரி இருப்பாள் என்று எடுத்துக்கொள்கிறது.

ராத்பனைப் பற்றி வகுப்பில் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள், “அவங்களுக்கு முடியாமப் போனப்ப யார் மேடம் செஞ்சு குடுத்தா?” அவர் 1999இல், அந்நகரம் நடத்தும் லகுனா ஹோண்டா மருத்துவமனையில் இறந்தார் என்று சொன்னேன். அவள் அதைக் கேட்கவில்லை என்பது எனக்கும் தெரியும். கீமோ எடுத்துக்கொள்பவர் வீட்டின் முதன்மைப் பராமரிப்பாளராகவே இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவள் கேள்வி. அவளுக்காக வண்டியோட்ட யாரும் இல்லை. தொட்டியில் செடி வளர்த்துப் பக்குவம் வரக் காத்திருக்க மாதங்களும் இல்லை. நடந்து போய், யாரிடமும் கெஞ்சாமல், காசு கொடுத்து வாங்கிவர ஒரு கதவு வேண்டும். அன்பை நம்பியிருக்க வேண்டாத இடம் என்பதற்காகவே எனக்குக் கடை வேண்டும். பள்ளியிலிருந்து தள்ளி இருக்கட்டும், காவலாளி நிற்கட்டும், சரக்கைப் பரிசோதித்து விற்கட்டும். எல்லாவற்றுக்கும் விதி போடுங்கள்.

2022இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது. 2024 ஜனவரி முதல், மருந்துக் கஞ்சா நோயாளியின் வீட்டுக்கு வந்து சேர்வதை எந்த ஊரும் தடுக்க முடியாது. கடையை இன்னும் தடுக்கலாம். படுக்கையில் இருப்பவருக்கு இது பெரிய காரியம். மாமியாரோ வளர்ந்த மகனோ கதவைத் திறக்கும் வீட்டில் இருக்கிற நோயாளிப் பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். பொட்டலத்தை யார் கையெழுத்திட்டு வாங்குவது, இது என்ன என்று கேட்டால் எதைச் சொல்வது என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கும். பேருந்தில் ஏறி இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினால் அந்தக் கேள்வியே இல்லை, அந்த ஊர் அங்கே ஒரு கடையை விட்டுவைத்திருந்தால்.