புழுவுக்கு ஓர் இலை

ஹைதராபாத் கொண்டாப்பூரில் அடுக்ககம் ஒன்றில் வசிக்கும் அன்பர் ஒருவர் தம் சங்கடத்தை என்னிடம் சொன்னார். தொட்டியில் அவர் வளர்த்த கறிவேப்பிலைச் செடியைப் பச்சைப் புழுக்கள் மொட்டையாக்கின. மருந்து தெளித்தார், புழுக்கள் மடிந்தன. அவை எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குழந்தைகள் என்பது பிறகே தெரிந்தது. "பூச்செடி வைத்துத் தாயை வரவேற்றவனும் நான், பிள்ளைகளைக் கொன்றவனும் நான். அறியாமல் செய்ததும் பாவமா?" என்று கேட்டார்.

ஜெர்மானியத் தத்துவஞானி லைப்னிட்ஸ் ஒரு பூச்சியை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபின், அதனிடம் கற்றுக்கொண்டோம் என்ற நன்றியுணர்வில், அதை மீண்டும் அதன் இலையிலேயே வைத்தாராம். இதை 1788-இல் வெளிவந்த தம் நூலில் கான்ட் குறிப்பிடுகிறார். ஆனால் கான்ட்டின் கொள்கைப்படி விலங்குகளுக்கு நாம் நேரடியாகக் கடமைப்பட்டவர்கள் அல்லர். கொடுமை நம் இதயத்தை இறுகச் செய்யும் என்பதே அதைத் தவிர்க்கக் காரணம். இது பாதி உண்மை என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் முன்னோர் விதித்த பூத யஜ்ஞத்தில் நாய்க்கும் காக்கைக்கும் புழுவுக்கும் இல்லறத்தான் அன்றாடம் உணவிட வேண்டும். அது சலுகையன்று, கடன்.

லைப்னிட்ஸ் பூச்சியைத் திருப்பி வைக்க ஓர் இலை இருந்தது. இன்றைய சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வண்ணத்துப்பூச்சி பல மலர்களில் தேன் அருந்தும். அதன் புழுவோ குறிப்பிட்ட சில செடிகளையே உண்ணும். ஒன்றுக்கு எருக்கு, மற்றொன்றுக்கு ஆடுதீண்டாப்பாளை. நமக்குக் களையாகத் தெரிவது அவற்றுக்குத் தாய்மடி. அமெரிக்காவிலிருந்து வந்த உன்னிச்செடி தேனை வாரி வழங்கும். ஆனால் நம் நாட்டுப் புழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு அதன் இலை உணவாகாது. விருந்துண்டு, தொட்டில் இல்லை!

கொண்டாப்பூர்ப் பகுதி முன்பு பாறையும் புதரும் நிறைந்த தக்காண நிலம். அருகே 1998-இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டபின் கட்டடங்கள் பெருகின. தாவரவியல் பூங்கா போன்ற சில திட்டுகளே எஞ்சின. பூச்சியின் உடல்வெப்பம் பெரிதும் சூழலைச் சார்ந்தது; வெப்பம் ஓரளவு கூடினால் அதன் வளர்ச்சியும் விரைவுபடும். ஜூன் மழைக்குப்பின் துளிர்க்கும் இலைக்கு முன்பே முட்டை பொரிந்துவிட்டால் புழு பட்டினிதான். ஜெர்மனியின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலேயே 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்கும் மேல் குறைந்ததாக 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது.

2025 மார்ச் இறுதியில் கொண்டாப்பூருக்கு அருகே காஞ்சா கச்சிபௌலியின் 400 ஏக்கர் நிலத்தில் இயந்திரங்கள் மரங்களை வீழ்த்தின. ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. அப்போது பேச்சு பெரிதும் மானையும் மயிலையும் பற்றியே இருந்தது. புழுவுக்காகப் பேச ஆள் கிடைப்பது அரிது. புதரை அகற்றுபவருக்குப் பூச்சியின்மேல் பகையும் இல்லை. எனினும் ஒரு குலமே பசியால் அழிகிறது. 'கொல்ல எண்ணவில்லை' என்பது அங்கே விடையாகுமா?

அன்பரிடம், அறியாது செய்தது பிழையே, பாவமன்று என்றேன். அறிந்தபின் மருந்துப் புட்டியை எடுக்கும் கைக்கு அந்தச் சலுகை இல்லை என்றும் சொன்னேன். அவர் இன்னொரு கறிவேப்பிலைச் செடி வாங்கி வைத்தார்: ஒன்று சமையலுக்கு, ஒன்று புழுக்களுக்கு. எந்தத் தொட்டி தங்களுடையது என்று அவற்றுக்குத்தான் இன்னும் தெரியவில்லையாம்.