கேளாது எடுத்த முகம்

கள்ளாமை என்னும் அணுவிரதத்தை நாம் சிறு வயதிலேயே கற்கிறோம். வழியில் விழுந்து கிடந்த பொருளாயினும், ஒருவர் மறந்து விட்டுச் சென்ற பொருளாயினும், உடையவர் கொடாதபோது அது நமக்கு உரியதன்று. பொன், பணம், நிலம் ஆகியவற்றைப் பொறுத்தவரை இதில் நமக்கு ஐயம் எழுவதில்லை. ஆனால் ஒருவருடைய முகம் எந்தக் கணக்கில் சேரும்? தெருவில் காணும் முன்பின் அறியாத ஒருவரைக் கேளாமலே படம் எடுத்துக்கொள்வது களவாகுமா? முகம் எல்லோர் பார்வைக்கும் பொதுவாகத்தானே இருக்கிறது. படம் எடுத்தபின்பும் அது அவரிடமே இருக்கிறதே. அவர் இழந்தது என்ன என்று கேட்கலாம்.

இக்கேள்வியை என்னுள் எழுப்பியவன் என் பேரன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கேமராவும் கையுமாகப் புதுச்சேரி வீதிகளைச் சுற்றி வருவான். அறிமுகமில்லாதவர்களின் முகங்களை எடுப்பதிலேயே அவனுக்கு விருப்பம். "கட்டடங்களை எல்லாரும் எடுக்கிறார்கள் பாட்டி, மனிதர்களை யார் பார்க்கிறார்கள்?" என்பான். நல்ல எண்ணந்தான்.

ஒரு நாள் காலை நானும் அவனுடன் நடந்தேன். உப்பளத்தில், துறைமுக மைதானத்திற்குப் போகும் வழியில், சைக்கிள் கடை வாசலில் ஒரு முதியவர் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றடைத்த டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தை உற்று நோக்கிய அவர் முகத்தில் இளவெயில் சாய்ந்து விழுந்திருந்தது. பேரன் கேமராவை உயர்த்தினான். நான் அவன் கையைத் தொட்டு, "முதலில் கேள்" என்றேன்.

கேட்டான். "எதுக்குத் தம்பி?" என்றார் அவர்.

பேரனால் உடனே விடை கூற இயலவில்லை. சற்றுத் தயங்கி, "உங்க முகம் நல்லா இருக்குங்க ஐயா" என்றான். அவர் சிரித்துவிட்டு, "இருங்க, வரேன்" என்று உள்ளே சென்றார். முகம் கழுவி, தலைவாரி, வெள்ளைச் சட்டை அணிந்து வந்து, இரு கைகளையும் தொடைமேல் வைத்து நிமிர்ந்து அமர்ந்தார். பேரன் படம் எடுத்தான். ஆனால் வீடு திரும்பும் வழியில், "கெடுத்துவிட்டீர்களே பாட்டி! கேட்காமல் எடுத்திருந்தால் உண்மையான முகம் கிடைத்திருக்கும்" என்று குறைபட்டுக்கொண்டான்.

அவன் கூற்றை நான் எளிதில் ஒதுக்கிவிடவில்லை. பிரெஞ்சு நாட்டுப் புகைப்பட மேதை ஆன்றி கார்த்தியே பிரெசோன் தம் சிறிய கேமராவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு நாடாவால் மறைத்துக்கொண்டு, பிறர் அறியாவண்ணம் தெருக்களில் படம் எடுத்தவர். அத்தகைய படங்களில் உள்ள உயிர்ப்பை எவரும் மறுக்க முடியாது. ஆனால் அதே மேதை 1950ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நம் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்தபோது, ஆசிரமத்தின் அனுமதியைப் பெற்றே எடுத்தார். மகானிடம் அனுமதி பெறுவது இயல்பாகத் தோன்றுகிறது; சைக்கிள் கடைக்காரரிடம் கேட்பதோ கலைக்கு இடையூறாகத் தோன்றுகிறது. இந்த வேறுபாட்டிற்குக் கலை காரணமன்று, நம் மனத்திலுள்ள உயர்வு தாழ்வே காரணம் என்று நான் கருதுகிறேன்.

வெள்ளைச் சட்டையுடன் அமர்ந்த முகம் பொய் முகம் என்பதும் எனக்கு ஒப்புதலில்லை. நம் தாத்தா பாட்டிமார் ஸ்டூடியோவில் அவ்வாறுதான் அமர்ந்தார்கள். அந்தப் படங்களை நாம் சுவரில் மாட்டிப் போற்றுகிறோமே! தொழிலில் ஆழ்ந்த முகமும் அவருடையதே. பிறர் தம்மை எவ்வாறு காணவேண்டும் என்று அவர் விரும்பினாரோ, அந்த முகமும் அவருடையதே. ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு என்று போற்றும் நாம், ஒரு மனிதருக்கு ஒரே முகந்தான் உண்மை என்று எவ்வாறு கூறமுடியும்?

பேரனுக்கு உபதேசிக்கும் தகுதி எனக்கு முழுமையாக உண்டா என்றால், இல்லை. இதுவரை யாரிடமும் கூறாத ஒன்றை ஈண்டு கூறவேண்டும். 1986ஆம் ஆண்டு நான் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. வெளிநாட்டுப் பயணி ஒருவர் வாசலில் நின்று, பிள்ளைகளைப் படம் எடுக்கலாமா என்று சைகையால் கேட்டார். நான் பெருமையுடன் தலையசைத்தேன். முதல் வரிசையில் இருந்த ஒரு சிறுமி புத்தகத்தை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். கிழிந்த தோள்பட்டையைத் தைத்த சட்டை அவளுடையது. நானோ அருகிற் சென்று புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு, அவள் மோவாயை நிமிர்த்தி, "நேரே பார்" என்றேன். பார்த்தாள். படம் எடுத்தாயிற்று. அன்று மாலை வரை அவள் ஒரு சொல்லும் பேசவில்லை.

இதை அடிக்கடி நினைவூட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1984ஆம் ஆண்டு, பாகிஸ்தானில் பெஷாவர் நகரருகே இருந்த நாசிர் பாக் அகதி முகாமில், கூடாரத்தில் நடந்த பள்ளி ஒன்றில், ஸ்டீவ் மெக்கரி என்னும் அமெரிக்கர் ஆப்கானியச் சிறுமி ஒருத்தியைப் படம் எடுத்தார். 1985 ஜூன் மாத 'நேஷனல் ஜியாகிரஃபிக்' இதழின் அட்டையில் வந்த அப்பச்சைக் கண்களை உலகமே அறியும். அவள் பெயரை மட்டும் எவரும் அறியவில்லை. 2002இல் தேடிக் கண்டபோதுதான் ஷர்பத் குலா என்னும் பெயர் வெளியாயிற்று. அதுவரை அப்படத்தை அவர் கண்டதேயில்லை. அந்நியர் ஒருவர் படம் எடுத்ததால் தமக்குச் சினம் உண்டாயிற்று என்பதை அவர் மறந்திருக்கவில்லை. அப்பள்ளியிலும் அனுமதி தந்தவர் ஆசிரியையே என்று படித்தபோது, என் கை அச்சிறுமியின் மோவாயில் இருப்பதுபோலவே உணர்ந்தேன். தன்னுடையதல்லாத ஒன்றை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பதும் கொடையாகாது அன்றோ?

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. எல்லோரையும் கேட்டுக்கேட்டே எடுத்தால் ஏழைகளின் துயரம் உலகுக்கு எவ்வாறு தெரியும் என்பர். 1936ஆம் ஆண்டு மார்ச் மாதம் டோரதியா லாங் என்னும் அம்மையார், அமெரிக்க அரசுப் பணியில் இருந்தபோது, கலிபோர்னியாவின் நிப்போமோ என்னும் ஊரில், வேலையின்றித் தவித்த பட்டாணிப் பயிர்த் தொழிலாளர் முகாமில் ஒரு தாயையும் குழந்தைகளையும் படம் எடுத்தார். பெயரைக் கேட்கவில்லை. படம் நாளிதழில் வெளிவந்ததும் அரசு 20,000 பவுண்டு உணவுப் பொருள்களை அம்முகாமிற்கு அனுப்பியது. பலர் பசி தீர்ந்தது. இது பெரும் நன்மையே. ஆனால் அத்தாய் அதற்குள் வேறிடம் சென்றுவிட்டார். 1978இல் ஃபிளாரன்ஸ் தாம்சன் என்னும் அவர் அடையாளம் காணப்பட்டபோது, அப்படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று மனம் வருந்தினார்; படி ஒன்று அனுப்புவதாகச் சொல்லி அனுப்பவேயில்லை என்பதும் அவர் குறை. லாங் அம்மையார் அப்படத்தை விற்றுப் பொருள் சேர்த்தவரல்லர் என்பதையும் கூறவேண்டும். 1983இல் தாம்சன் நோயுற்றபோது, அப்படத்தால் நெகிழ்ந்த மக்கள் பணமும் கடிதங்களும் அனுப்பினர். அதன் பின்னரே அவர் பிள்ளைகளின் மனக்கசப்பு தணிந்தது.

இதிலிருந்து நான் உணர்வது இது: பிறருக்கு விளையும் நன்மை, உரியவருக்குப் பட்ட கடனைத் தீர்த்துவிடாது. பசித்தோருக்கு அன்னம் வந்தது உண்மை. அந்தத் தாயின் பெயர் கேட்கப்படாததும் உண்மை. பெயர் கேட்க ஒரு நொடி போதும். அதைச் செய்யத் தவறியது கொடுமையால் அன்று, கவனமின்மையால். நம் அறநூல்கள் பிரமாதம் என்று கூறும் இக்கவனமின்மையே பல குற்றங்களுக்கு வாயிலாகிறது. நான் அச்சிறுமியிடம் நடந்துகொண்டதும் அதனால்தான்.

சட்டமும் இதனைச் சிந்தித்துள்ளது. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1858ஆம் ஆண்டிலேயே, ராசேல் என்னும் நடிகையின் மரணப் படுக்கைத் தோற்றத்தைக் குடும்பத்தார் இசைவின்றி வெளியிடலாகாது என்று பாரிஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் உச்ச நீதிமன்றமும் 2017இல், தனி வாழ்வின் மறைவு அடிப்படை உரிமை என்று உறுதி செய்தது. ஆயினும் தெருவில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு வழக்கறிஞர் நிற்பதில்லை. அங்கே காவலாக இருக்கவேண்டியது நம் மனசாட்சியே.

இக்காலத்தில் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கேமரா உள்ளது. எடுத்த படம் மறுகணமே ஆயிரம் பேரைச் சென்றடைகிறது. ஆகவே நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்றைக் கற்பிப்போம். எடுக்குமுன் கேட்டல், விபத்து, அநீதி போன்ற வேளைகளில் முன்னே கேட்க இயலாவிடின், பின்னேயாவது சென்று கேட்டல். "எதற்கு?" என்று அவர் வினவினால் உண்மையான விடை கூறல். எடுத்த படத்தில் அவருக்குரிய படியை அவர் கையில் சேர்த்தல். வேண்டாம் என்று அவர் கூறினால், வணங்கி நகர்தலும் கற்பிக்க வேண்டியதே.

பத்து நாள் கழித்துப் பேரன் அப்படத்தை அச்சிட்டுச் சைக்கிள் கடையில் கொடுத்து வந்தான். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். 16 வயதிலிருந்து அத்தொழிலில் இருக்கிறாராம் அவர். இவ்விவரம் பஞ்சர் பார்க்கும் முகத்தில் பதிந்திராது.

அச்சிறுமிக்கு இப்போது ஐம்பது வயதை நெருங்கியிருக்கும். கடைத்தெருவிலும் பேருந்திலும் அந்த வயதுப் பெண்களைக் காணும்போது முகத்தை உற்று நோக்குகிறேன். அதுவும் முறையோ என்று உடனே பார்வையைத் திருப்பிக்கொள்கிறேன். அவளைக் கண்டால் மன்னிப்புக் கேட்பேன். காணும் வரை, குற்றத்தை மறையாது கூறுதல் என்னும் நம் மரபின்படி, இதனை உங்கள் முன் வைக்கிறேன்.