விட்டுப் போனவனுக்குத் தண்ணீர்

கலிக்கம்ப நாயனார் புராணத்தை ஒரு பைனான்ஸ்காரன் படிக்கிற மாதிரி வேறு யாரும் படிக்க மாட்டார்கள். அறுபத்துமூவரில் அவர் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். பெண்ணாடம். வணிகர் குலம். அடியார்களை வீட்டுக்கு அழைத்துக் கால் கழுவிச் சோறு போடுவது அவர் தொண்டு. அப்படி ஒருநாள் வந்தவர்களின் காலை அவர் ஒவ்வொருவராகப் பிடித்துக் கழுவ, மனைவி கரகத்திலிருந்து தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்தார். ஒருவர் முறை வந்தபோது தண்ணீர் விழவில்லை. வந்தவர் முன்பு அதே வீட்டில் வேலை செய்தவர்; வேலை பிடிக்காமல் விட்டுப் போனவர்; இப்போது சிவனடியார் வேடத்தில் நிற்கிறார். அம்மாள் தயங்கினார். கலிக்கம்பர் நிமிர்ந்து பார்த்தார், காரணம் புரிந்தது, மனைவியின் கையை வெட்டிவிட்டார். பிறகு கரகத்தைத் தாமே எடுத்து அந்தக் காலைக் கழுவி, குறையில்லாமல் சோறும் போட்டார்.

சொற்பொழிவு செய்கிறவர்கள் இதை அடியார் பக்திக்கு உதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த நாயனாருக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்த அம்மாளின் தயக்கத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. வந்தவன் ஏழை என்றோ அழுக்காக இருக்கிறான் என்றோ அவள் தயங்கவில்லை. ‘நம்மிடம் இருந்தவன், நம்மை வேண்டாம் என்று போனவன், இவன் காலுக்கா?’ என்ற ஒரு நிமிஷம். ஆள் வைத்துக் கடை நடத்துகிறவர்களுக்கு அந்த நிமிஷத்தை விளக்க வேண்டியதில்லை.

திட்டக்குடியில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி எனக்கு ஒரு சின்ன பைனான்ஸ். டூவீலர், லோடு ஆட்டோ, பழைய டிராக்டர் பேரில் கடன், ஆர்.சி. புக்கில் ஹெச்.பி. ஏற்றிக்கொண்டு பணம் கொடுப்போம். பார்ட்டிகள் கரும்பு போடுகிறவர்கள், மக்காச்சோளம் போடுகிறவர்கள், விருத்தாசலத்திலிருந்து பீங்கான் பொம்மையும் அகல்விளக்கும் ஏற்றிப்போகிற வண்டிக்காரர்கள். என்னிடம் இரண்டு பையன்கள் இருந்தார்கள். ஒருவன் வசூலுக்குப் போவான், இன்னொருவன் கம்ப்யூட்டரில் கணக்கு. மீசை முளைக்கிற வயதில் வந்தவர்கள். போன தை பிறந்ததும் இருவரும் சேர்ந்து வெளியே போய், அதே தெருவில் எதிர்ச்சாரியில் தனி பைனான்ஸ் போட்டார்கள். வட்டி என்னைவிடக் கால் பைசா குறைவு.

திறப்பு விழாவுக்கு முன்னால் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். “ஐயா வந்து ஒங்க கையால கல்லாவுல மொதப் பணம் போடணும்” என்றான் வசூல்காரப் பையன். என் மனைவி சமையல்கட்டை விட்டு வரவில்லை. அவர்கள் போன பிறகு வந்து, “நம்ம கல்லாவக் காலி பண்ணிட்டுப் போறாங்க. அவங்க கல்லாவ நெரப்பவும் நாமளே போவணுங்களா?” என்றாள்.

தொழில் கேள்வி மாதிரிதான் இது தெரியும். எனக்குச் சமயக் கேள்வியாகவே பட்டது. விட்டுப் போனவன் எனக்கு யார்? அவனிடம் எனக்குப் பாக்கி ஏதும் உண்டா?

இந்த இடத்தில் எல்லாரும் செய்ந்நன்றியைக் கொண்டுவருவார்கள். கடைத்தெருவில் நன்றி பற்றிப் பேசுகிறவர் எப்போதும் முதலாளியாகத்தான் இருக்கிறார். திருக்குறளில் செய்ந்நன்றியறிதல் உதவி வாங்கினவன் தன் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய அதிகாரம். உதவி செய்தவன் அதை எடுத்துக்கொண்டு வசூலுக்குப் போகலாம் என்று அதில் ஒரு குறளும் இல்லை. செய்தவனுக்கு வள்ளுவர் வைத்திருப்பது ஒப்புரவறிதல். மழைக்கு உலகம் என்ன திருப்பிக் கொடுக்கிறது என்று அங்கே கேட்டுவிடுகிறார். அதுவும் போகட்டும், நான் அவர்களுக்குச் செய்தது உதவிதானா? சம்பளம் கொடுத்தேன், அவர்கள் வேலை செய்தார்கள். வெயிலில் ஊர் ஊராகப் போய் டியூ வாங்கி வந்தது அவன். பெட்ரோல் மட்டும் என்னுடையது.

பெண்ணாடத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. சைவ சித்தாந்தத்தின் முதல் ஆசாரியர் மெய்கண்டார் பிறந்தது அங்கேதான்; 13-ஆம் நூற்றாண்டு. சிவஞானபோதம் செய்தது திருவெண்ணெய்நல்லூரில். சிறு பிள்ளையாக இருக்கும்போதே பாடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்பது மரபு. அந்தக் குடும்பத்துக்குக் குலகுரு சகலாகம பண்டிதர், ஆகமம் எல்லாம் கரைத்துக் குடித்தவர். அவரிடம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் ஒவ்வொருவராக இந்தப் பிள்ளையின் திண்ணைக்குப் போக ஆரம்பித்தார்கள். பண்டிதருக்குப் பொறுக்கவில்லை. நேரே கிளம்பிப் போனார். அங்கே ஆணவ மலத்தைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. “ஆணவத்தின் சொரூபம் என்ன?” என்று நின்றபடியே கேட்டார். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை, அவரையே சுட்டினார். பண்டிதர் விழுந்து வணங்கி மாணவரானார். அவரே அருள்நந்தி சிவாசாரியார்; சிவஞான சித்தியார் அவர் எழுதியது.

சைவப் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும், கடைப் பாஷையில்தான் எனக்குச் சொல்ல வரும். மெய்கண்டாரில் தொடங்குகிற சந்தான குரவர் வரிசையில் இரண்டாமவரான அருள்நந்தி, பார்ட்டிகளை எதிர்க்கடைக்குப் பறிகொடுத்துவிட்டுச் சண்டைக்குப் போன மூத்தவர். நான்காமவர் உமாபதி சிவம் தில்லை தீட்சிதர். தம் கூட்டத்தார் தள்ளிவைத்ததால் கொற்றவன்குடிக்குப் போய் இருந்தார். பிரிந்து போவதும் விலக்கப்படுவதும் இந்தப் பரம்பரைக்குப் புதிதல்ல. அந்த உமாபதி சிவம் திருவருட்பயனில் ஆணவத்தை இருட்டோடு வைத்துப் பார்க்கிறார். இருட்டு மற்றப் பொருளை மறைத்தாலும், தான் இருட்டு என்பதையாவது காட்டும்; ஆணவம் தன்னையும் காட்டிக்கொள்ளாது. கடை முதலாளியிடம் அது பெரும்பாலும் ‘நன்றி கெட்டவன்’ என்ற வார்த்தைக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். பையன் போனதில் எனக்கு நஷ்டம் உண்டு, அதை எண்ணிச் சொல்லிவிடலாம். எண்ண முடியாமல் மிச்சமாக ஒரு எரிச்சல் இருக்கிறதே, அது கணக்கில் வராதது.

இந்த எரிச்சலுக்கு இடம் கொடுக்காமல் தொழிலையே அமைத்துக்கொண்டவர்கள் நகரத்தார் என்கிற செட்டியார்கள். பர்மா, மலாயா, இலங்கை லேவாதேவிக் கடைகளை முதலாளி அங்கேயே உட்கார்ந்து நடத்தவில்லை, ஏஜெண்டு நடத்தினார். அவர் பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறி, அடுத்தாளாகி, மேலாளாகி வந்தவர். பொதுவாக மூன்று வருஷம் ஒரு கணக்கு. அது முடிந்ததும் ஐந்தொகை எடுத்து ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். சம்பளத்தோடு லாபத்திலும் பங்கு உண்டு. சில கணக்குகள் போய்வந்தவரிடம் கொஞ்சம் பணமும் நிறையப் பெயரும் சேர்ந்திருக்கும், தனிக்கடை வைப்பார். பழைய முதலாளியே அதில் பணம் போடுவதும் உண்டு. 1929-30இல் பர்மாவின் வங்கித் தொழிலை ஆராய்ந்த குழு அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகக் கணித்தது. பெட்டியடிப் பையன்களை அடுத்தாளாகவே கிழவனாக்கியிருந்தால் அத்தனை கடை எங்கிருந்து வரும்?

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு. ரங்கூன் மொகல் தெருவில் இருந்த கடைக்காரர்கள் மாதாமாதம் கோயிலில் கூடித்தான் நடப்பு வட்டியைத் தீர்மானித்தார்கள். நேற்று முதலாளியாக இருந்தவரும் அவரை விட்டுப் பிரிந்து எதிரே கடை வைத்தவரும் ஒரே மண்டபத்தில், ஒரே சாமி முன்னால் உட்கார வேண்டும். லாபத்தில் இருவருமே மகமை எடுத்து வைக்க வேண்டும். ‘கலிக்கம்பர் வீட்டுக்கு வந்தவன் அடியாராக வந்தான், உன் பையன்கள் போட்டிக்காரனாக அல்லவா வந்திருக்கிறார்கள்’ என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். போட்டிக்காரனும் திருநீறு பூசிக்கொண்டுதான் கடை திறக்கிறான். வந்தவன் உண்மையான அடியாரா, சோற்றுக்கு வேடம் போட்டவனா என்று கலிக்கம்பரும் விசாரிக்கவில்லை. பழைய பேரேட்டைப் புரட்டி இன்றைய மரியாதையைத் தீர்மானிக்க மாட்டேன் என்றார், அவ்வளவுதான்.

நகரத்தாரைப் புகழ்ந்துவிட்டு மற்றதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1930இல் நெல் விலை சரிந்தது. கடனுக்கு ஈடாக வந்த நிலம் சேர்ந்து சேர்ந்து, 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு வயல் அவர்கள் கையில் இருந்தது. கடைக்காரனுக்கும் கடைக்காரனுக்கும் நடுவில் இருந்த முறை, வயலை இழந்த பர்மியக் குடியானவனுக்கு எந்த வகையிலும் உதவவில்லை. கடை பிரிவதைப் பற்றிப் பேசும்போது முதலாளியும் பையனும் மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள். கடன் வாங்கினவனை யாரும் கேட்பதில்லை.

விட்டுப் போகிற கதை அமெரிக்காவிலும் உண்டு, தொகை பெரிது. நியூயார்க்கில் பேர் ஸ்டெர்ன்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்திலிருந்து 1976இல் மூன்று பேர் வெளியேறித் தனி நிறுவனம் தொடங்கினார்கள். ஜெரோம் கோல்பெர்குக்கு ஐம்பது வயது. ஹென்றி கிராவிஸும் ஜார்ஜ் ராபர்ட்ஸும் ஒன்றுவிட்ட சகோதரர்கள், முப்பதைத் தாண்டிச் சில வருஷம். கே.கே.ஆர். என்று உலகம் அறிந்த நிறுவனம் அது. பதினோரு வருஷத்தில், பேரங்கள் போகிற போக்கு ஒத்துவராமல், கோல்பெர்கே தாம் தொடங்கின இடத்தை விட்டு 1987இல் வெளியே போய் வேறு கடை வைத்தார். மூவரும் விட்டு வந்த பேர் ஸ்டெர்ன்ஸ் 2008இல் திவாலாகும் நிலைக்குப் போய் இன்னொரு வங்கியிடம் விற்கப்பட்டது. இதில் துரோகி யார் என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, விட்டுப் போகிறவனிடம் எதையும் கேட்கவே கூடாதா? கேட்டேன். வசூல்காரப் பையனுக்கு எங்கள் பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் மனப்பாடம். யார் கரும்புக்கு எப்போது வெட்டு உத்தரவு வரும், ஆலைப் பணம் எப்போது ஏறும், எந்த வீட்டில் கல்யாணம் நிற்கிறது, எந்த வீட்டில் அப்பனிடம் கேட்கக் கூடாது மகனிடம்தான் கேட்க வேண்டும் என்பதெல்லாம். திண்ணை திண்ணையாக உட்கார்ந்து அவனே சம்பாதித்தது அது. என் கடையில் இருந்தபோது தெரிந்துகொண்டான் என்பதற்காக அவன் தலையை நான் திருப்பி வாங்க முடியாது. ஒரு விவசாயி அவனை நம்பிப் பின்னால் போகிறான் என்றால் அந்த நம்பிக்கை விவசாயியுடையது. கொடுக்கவும் எடுக்கவும் அவனுக்கே உரிமை.

லெட்ஜர் பக்கங்களைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தார்கள் என்பது வேறு. பார்ட்டிகளின் ஆதார் நகலும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலையின் எண்ணும் அதில் இருந்தன. அதை மன்னிக்கிற அதிகாரம் எனக்கும் கிடையாது. என்னுடையதாக இருந்தால் அல்லவா நான் பெருந்தன்மை காட்டுவது? என் முன்னால் அழிக்கச் சொன்னேன். கணக்குப் பையன் முகம் செத்துப்போய் ஒவ்வொன்றாக அழித்தான். லேவாதேவிக்கு உரிமம் வாங்கியாச்சா என்றும் கேட்டேன். மனு போட்டிருக்கிறோம் என்றார்கள். கையில் வந்த பிறகு கல்லாவைத் திறங்கள், அன்றைக்கு நான் வருகிறேன் என்றேன். வந்தது, போனேன், முதல் பணமும் போட்டேன்.

என் மனைவி வரவில்லை. கையை வெட்டுகிற பக்தியும் எனக்கில்லை, வெட்டவிட்டுச் சும்மா இருக்கிறவளும் அவள் இல்லை. கலிக்கம்பர் கதையை அவளுக்குச் சொன்னபோது, இத்தனை வருஷம் கேட்ட எந்தச் சொற்பொழிவிலும் வராத ஒன்றைக் கேட்டாள்: “அவன் வேலய விட்டுப் போனப்போ அந்தாளுகிட்ட சொல்லியிருப்பான். தெனமும் சோறு ஆக்கிப் போட்ட அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னானா?” சேக்கிழார் அதைச் சொல்லவில்லை. எனக்கும் என் பையன்களுக்கும் நடுவில் இருந்தது கூலி, கொடுத்ததும் தீர்ந்தது. அவள் வைத்த குழம்புக்குக் கூலி பேசவில்லை. பத்திரிகை வைக்க வந்த பையன்கள் கூடத்தில் என்னிடம் மட்டும் பேசிவிட்டுப் போனார்கள். சமையல்கட்டு வாசல் பத்தடி தூரம்கூட இல்லை. அவள் தயக்கத்தில் ஆணவம் இருக்கலாம். நியாயமும் இருக்கிறது. கலிக்கம்பர் அந்த நியாயத்தைக் கேட்காமல் கத்தியை எடுத்தார் என்பதில் எனக்கு நாயனாரோடு இன்னும் வழக்கு உண்டு.

ஆகையால் தனிக்கடை போடக் கிளம்பும் தம்பிகளுக்கு என் விண்ணப்பம் இரண்டுதான். பார்ட்டியின் காகிதத்தைத் தொடாமல் போங்கள். போகிறபோது சோறு போட்டவரிடமும் சொல்லிக்கொண்டு போங்கள். முதலாளிமாருக்கு: தை மாதம் ரேவதி நட்சத்திரத்தில் கலிக்கம்பருக்குக் குருபூஜை. பெண்ணாடம் பிரளயகாலேஸ்வரர் கோயில் திட்டக்குடியிலிருந்து பக்கம்தான், பஸ் இருக்கிறது. எதிர்க்கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.