கொல்லைப்புறத்து அறுவடையும் கொல்லா விரதமும்

புரட்டாசி இறுதியில், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், வீட்டுக் கொல்லையைச் சீர்செய்வது நம் சிற்றூர்களில் வழக்கம். ஆடியில் ஊன்றிய கொடியவரை அதற்குள் பந்தலேறியிருக்கும். இரவு நீளத் தொடங்கிய பின்னரே அது பூக்கும். சாம்பற்பூசணி மேனியெங்கும் வெண்மாவு படர்ந்து முற்றியிருக்கும். உளுத்த பந்தற்கால்களை மாற்ற வேண்டும். பாத்திகளைக் கொத்தி, மழைநீர் வடிய வழி செய்ய வேண்டும். சருகைக் கூட்ட வேண்டும்.

சென்ற ஆண்டு இப்பணிகளுக்கிடையே சென்னையிலிருந்து வந்திருந்த நம் தமையனார் மகள், மண்வெட்டியில் வெட்டுண்டு துடித்த மண்புழுவைக் கண்டு முகம் வாடினாள். "அத்தை, இந்த வயதில் இந்தப் பாவம் எதற்கு? கொல்லைக்குச் சிமெண்டுத் தளம் போட்டுவிடுங்கள். காய்தான் தெருவிலேயே விற்கிறதே" என்றாள். அவள் விளையாட்டாகக் கூறவில்லை. அட்டமியிலும் சதுர்த்தசியிலும் பச்சைக் காய் தொடாதவள் அவள். ஆகவே அவ்வினாவை எளிதில் தள்ள இயலவில்லை.

மரபான விடை ஒன்று உண்டு. சங்கல்ப இம்சை, ஆரம்ப இம்சை, உத்தியோக இம்சை, விரோத இம்சை என நான்கனுள், கொல்லும் எண்ணத்தோடு செய்யும் முதலாவதையே இல்லறத்தார் முற்றிலும் விலக்க வேண்டும். உழவோ, ஆதிபகவனாகிய விருடபதேவரே மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் ஒன்று. இவ்வளவும் கூறி அமைந்துவிடலாம். ஆயினும் அந்தச் சலுகை தவிர்க்க இயலாத இம்சைக்கே உரியது. காய் கடையில் கிடைக்கும்போது கொத்துவது தவிர்க்கக் கூடியதன்றோ என்பதே அவள் கேட்டதன் உட்பொருள்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சியில் நமக்குச் சொல்லிக் கொடுத்தனர். அவ்வாறே கொல்லையிலிருந்து கடைக்குச் சென்று பார்ப்போம். கடைக் கத்தரிக்காய் விளைந்த நிலத்திலும் மண்வெட்டி புழுவை வெட்டியே இருக்கும். அதற்கு மேலும் உண்டு. மோனோகுரோட்டோபாஸ் என்னும் நஞ்சு காய்கறிப் பயிர்களுக்கு 2005இல் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பான் 2011இல் உச்சநீதிமன்ற ஆணையால் நின்றது. அதுவரை அவை தெளிக்கப்பட்ட காய்களைத்தானே நம் வீடுகளிலும் கழுவிச் சமைத்தோம்? 1984 டிசம்பரில் போபாலில் ஓர் இரவில் ஆயிரக்கணக்கான மாந்தரைக் கொன்ற நச்சுவாயு பூச்சிமருந்து செய்வதற்காகத் தேக்கி வைக்கப்பட்டதே. பூச்சியைக் கொல்ல எண்ணியது ஐயறிவுயிர் வரை சென்றது.

"நாம் தெளிக்கச் சொல்லவில்லையே" எனலாம். தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்றையும் நம் அறநூல்கள் ஒருங்கே எண்ணுகின்றன. விலை கொடுத்தல் உடன்பாடாகுமா என்பது கடினமான கேள்வியே. தம்பொருட்டுச் சமைத்த உணவை முனிவர் ஏலார். ஆதலின் அடுப்பின் இம்சை அவரைச் சாராது. கடைக்காயோ வாங்குவோர் பொருட்டே விளைவது. முனிவர்க்குரிய விலக்கை நாம் கேட்க இயலாது.

இயற்கை மருந்து போதுமே என்பாரும் உளர். அவரையில் அசுவினி கண்டால் நாமும் விடியற்பனியில் அடுப்புச் சாம்பல் தூவுவதுண்டு. ஆனால் வேப்பங்கொட்டைச் சாறு பூச்சியைப் பட்டினியிட்டு, தோலுரிக்க விடாமல் கொல்கிறது என்பதை மறைத்து அதற்கு அகிம்சை என்று பெயரிடுவது சரியன்று.

இவ்வளவு வாதிட்ட பின்னும், நம் பக்கம் முழுதும் தூய்மை என்று கூற நா எழவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் இதே புரட்டாசியில் சருகைக் கூட்டி மூலையில் குவித்திருந்தோம். இரண்டு நாள் சென்று மேகம் திரளவே, நனையுமுன் எரித்துவிடலாம் என்று தீயிட்டோம். குவியலைக் கிளறிப் பார்க்கவில்லை. ஒரு குச்சியால் தட்டியிருந்தாலும் போதும். உள்ளிருந்து தேரை ஒன்று முதுகு வெந்து தத்தி வந்து கிணற்றடியில் கிடந்தது, மாலைக்குள் இறந்தது. அன்று காலை கொத்திய பாத்தியிலும் புழுக்கள் மாண்டிருக்கும். ஆனால் அங்கே அஞ்சி அஞ்சி, கண்டதை எடுத்து அப்பால் விட்டுக் கொத்தினோம். சருகுக் குவியலில் பார்க்கவே இல்லை. இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் அசாவதானத்தை முதலில் வைக்கிறார். பல முறை படித்த பாடம்தான். அன்றிரவு பிரதிக்கிரமணத்தில் அமர்ந்தபோது அதற்கு மேல் ஒரு சொல்லும் ஓடவில்லை.

தளம் போட்டுவிட்டால் புழுவும் தேரையும் நம் கண்ணில் படா. அவை எங்கும் சாகவில்லை என்று அதனால் ஆகிவிடாது. தளத்தின் அடியில் அகப்படும் உயிர்களையும் தமையனார் மகள் எண்ணவில்லை. என்றாலும் அவள் வாடியது தவறன்று. நமக்கு அந்த வாட்டம் பழகிப்போயிருந்தது.

இடையே ஒன்று. முனிவரின் மழைக்கால யோகம் பகவான் மகாவீரர் வீடுபேறெய்திய தீபாவளியை ஒட்டி நிறைவுறுகிறது. தமிழ்நாட்டிலோ ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அதன் முன்பின்னாகத் தொடங்கும் வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. கீரையில் புழு மலிவதும் அப்போதே. நான்கு மாதம் கீரை விலக்கியவர் தீபாவளி மறுநாளே அதைப் பறிப்பது கணக்குக்குச் சரி. நாம் கார்த்திகை முடியும்வரை பறிப்பதில்லை.

இவ்வாண்டு மண்வெட்டியை எடுக்கவில்லை. களைக்கொட்டால் மேலாகக் கொத்தினோம். ஒரு நாள் வேலை மூன்று நாளாயிற்று. சருகு எரியாமல் கொய்யாமரத்தடியில் மட்கிக்கொண்டிருக்கிறது. அவரை பூத்துவிட்டது. முதற் பறிப்பில் ஒரு பை சென்னைக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறோம். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.